கேட்டவள் பெயர்

நெல்லிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
12 ஜனவரி 2025

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா ராஜாக்கண்ணு எழுதுவது.

இங்கே மில், மாடு, உன் அம்மா, நான், இந்த வரிசையில் எல்லோரும் சௌக்கியம். வரிசை அம்மா சொன்னது. மாட்டுக்குப் பின்னால் வைத்தாளே என்று எனக்கு வருத்தமில்லை. மாடு பால் கொடுக்கிறது.

போனில் பேசினால் சண்டையாகிறது, கடிதமாக எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதுதான். மில் கூரைமேல் ஏறினால்தான் நம்மூரில் டவர் கிடைக்கிறது. நீ அழுவது எனக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது, நான் சமாதானம் சொல்வது உனக்குக் கத்துகிற மாதிரி கேட்கிறது. இதை எழுதி வைத்து, ஜமுனாமரத்தூர் போகும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஓரத்தில் தெரிவது என் கட்டை விரல். அதைப் படிக்க வேண்டாம்.

நீ சொன்னதில் என் காதில் விழுந்த மட்டும் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. இங்கிலாந்தில் உன்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியை அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் நீ மூன்று வருஷமாக எழுதியதைப் படித்துவிட்டு, இதெல்லாம் கதை, அளந்து காட்டு என்கிறார். நம் காட்டுக் கடுக்காய், வியாபாரி அமீனுல்லா பாய் வண்டியில் மலையிறங்கி, வாணியம்பாடியில் தோல் பதனிடப் போய், அந்தத் தோல் கப்பலேறி ஐரோப்பாவில் செருப்பாகிற வரைக்கும் ஆள் ஆளாகக் கேட்டு எழுதினாயே, அது கதையாம். உதவித்தொகையோ செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் வேறு மாதிரி எழுதாவிட்டால் டாக்டர் பட்டம் இல்லை. சரிதானா?

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரைத் திட்டினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

நீ என்ன படிக்கிறாய் என்பதையே நான் இன்னும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. ஊர்க்கவுண்டர் சின்னராசு அண்ணன் சாமை அரைக்க மில்லுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். “உன் பொண்ணு இன்னா படிக்குது?” “உலக அரசியல் பொருளாதாரம், அண்ணா.” “அரசியலா, பொருளாதாரமா?” “ரெண்டும் சேத்து.” “முடிச்சா ஊசி போடற டாக்டரா?” “இல்லீங்க.” “அப்ப இன்னா டாக்டரு?” அந்த இடத்தில் நான் மில்லை ஓடவிட்டுவிடுவேன். சத்தத்துக்குள் பதில் சொல்கிற மாதிரி வாயை மட்டும் அசைப்பேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

நம் மலைக்கும் இப்படி ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் மிளகு போடு என்றார். அவர் மாற்றலாகிப் போனதும் வந்தவர், மிளகா, அதைப் பிடுங்கு, காபி போடு என்றார். நான், சொன்ன பேச்சைக் கேட்கிறவன், இரண்டையும் போட்டேன். இப்போது அந்த இடத்தில் ஆடு கட்டியிருக்கிறேன். உன் படிப்பிலும் இதுதானா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உனக்கு உதவி ஏதாவது என்னால் ஆகுமா என்றும் எழுது. ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

அப்பா


19 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மிளகும் காபியும்தான் அப்பா. இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்டீர்களே.

இந்தத் துறை ஆரம்பித்த காலத்தில் பெரிய பெரிய கேள்விகள் கேட்டார்கள். உலக வியாபாரம் ஒழுங்காக நடக்க ஒரு பலசாலி நாடு மேலே இருக்க வேண்டுமா? ஏழை நாடு ஏழையாகவே இருப்பது அதன் குற்றமா, அப்படி வைத்திருக்கிறார்களா? கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு கூட்டம், இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் யார் சொல்வது சரி என்று எப்படித் தெரியும், சின்னக் கேள்வியாக எடு, கணக்குப் போட்டுக் காட்டு என்றது. இங்கிலாந்தில் இன்னொரு கூட்டம், சரித்திரமும் அதிகாரமும் கணக்கில் அடங்காது என்று ஒதுங்கிக்கொண்டது. என் பழைய பேராசிரியை இந்தக் கூட்டம். நான் சேர்ந்தபோது, கடுக்காய் பொறுக்குகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து உலகச் சந்தையைப் பார் என்பது இங்கே புதுசு, அதற்கு மரியாதை இருந்தது. நான் பார்த்து முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. இப்போது வெறும் கணக்குகூடப் போதாது. இது நடந்ததால்தான் அது நடந்தது என்று சோதனை செய்து நிரூபிக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர்கள், கட்டுரை போடுபவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

எரிச்சலாக இருக்கிறது அப்பா. இதில் இன்னொரு எரிச்சல், புதியவர் சொல்வது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம்மூரைப் பற்றி நான் எழுதியதில் எது உண்மை, எது பாசம் என்று எனக்கே சில நாள் தெரியவில்லை.

நீங்கள் உதவ முடியும். வேலூரில் ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்தைப் பேசி வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். நீங்கள் கேட்கலாமா என்று இங்கே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டேன். இரண்டு தாள் அனுப்பியிருக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் ஒரே கேள்வி: வெளி வியாபாரிக்குக் கடுக்காய் விற்பதை நம் ஊர் நிறுத்த வேண்டுமா, ஆமா, இல்லையா? மஞ்சள் தாளிலும் அதே கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சேதி இருக்கும்: நம் கடுக்காய் வெளிநாட்டுச் செருப்புக்குப் போகிறது, எந்தச் சரக்கு நல்லது, எது ஆகாது என்று அங்கே இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மஞ்சள் கேட்டவர்களும் வெள்ளை கேட்டவர்களும் வேறு வேறாகப் பதில் சொன்னால், அந்தச் சேதிதான் காரணம் என்று காட்டலாம்.

மூன்றே விஷயம் அப்பா. யாருக்கு எந்தத் தாள் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. நீங்களாக எதையும் விளக்க வேண்டாம். தாளின் கீழே கேட்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும், எனக்காகத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அம்மாவை வரிசையில் முதலில் போடுங்கள்.

அருணா


நெல்லிமரத்தூர்
16 பிப்ரவரி 2025

அன்பு மகள் அருணாவுக்கு,

வேலை முடிந்தது. முழு ஊரும் முடிந்தது. இதைப் படிக்கும்போதே நீ நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றுதான் முதல் வரியில் போட்டேன்.

நீ சொன்னபடிதான் ஆரம்பித்தேன். மில்லுக்கு வந்த கெங்கம்மாளை ஓரமாகக் கூப்பிட்டு, சீட்டு எடுக்கச் சொல்லி, வெள்ளைத் தாளைப் படித்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “தனியா கூப்ட்டுக் கேக்கறதுக்கு நான் இன்னா கோழி திருடுனவளா?” என்றாள். ஊர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு ஊரைக் கேட்காமல் அவள் மட்டும் எப்படிப் பதில் சொல்வாள், நாளைக்கு யாராவது நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டால் நீ வருவாயா என்றாள். அடுத்து கோபால்சாமி. அவன் மஞ்சள் தாளைக் கேட்டுவிட்டு நேராகப் போய் கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டான். உடனே அவள் திரும்பி வந்து, அவனுக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறாய், எனக்கு ஏன் சொல்லவில்லை, நான் என்ன குறைச்சல் என்று பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதும் நியாயம்தானே? பந்தியில் பாதி இலைக்குப் பாயசம் ஊற்றிவிட்டு மீதி இலையைத் தாண்டிப் போகிற மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது.

அதனால் சின்னராசு அண்ணனிடம் போனேன். அவர் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டிவிட்டார். அருணா கேட்கிறாள் என்றதும் ஒரு வீடு பாக்கி இல்லை. மஞ்சளையும் படித்தேன், வெள்ளையையும் படித்தேன், வஞ்சனை இல்லாமல். ஒரு பொழுது முழுக்கப் பேசினார்கள். நம் காட்டுக் காயை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருவன் சொத்தை என்பானா என்று பெண்கள் பக்கம்தான் சூடு. சின்னராசு அண்ணன் கடைசியில் எழுந்தார். “இது நம்ம பொண்ணு. நம்ம காட்டையும் பாத்துது, அவங்க ஊரையும் பாத்துது. காரணம் இல்லாம கேக்குமா?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எல்லோருக்கும் ஒரே பதில், ஆமா. அத்தனை தாளிலும் நானே என் கையால் எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரு பரீட்சையில் எல்லா விடையும் சரியாக எழுதியது இதுதான் முதல் தடவை.

தாள்களைக் கோயில் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். போட்டோ எல்லாம் அனுப்பிவிட்டேன். உன் பேராசிரியரிடம் சொல், வேலூர்க்காரர்கள் பயந்த வேலையை ஒரு மில்லுக்காரன் முடித்துவிட்டான் என்று.

அம்மாவும் வரிசையில் முதல் ஆளாக நின்று உன்னை விசாரித்தாள்.

அப்பா


20 பிப்ரவரி 2025

அப்பா,

மூன்று விஷயம் சொன்னேன். மூன்றையும் செய்யவில்லை.

எல்லோரையும் உட்கார வைத்து, இரண்டு தாளையும் படித்து, எல்லாவற்றிலும் ஒரே பதிலை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இது தரவு இல்லை அப்பா. பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. ஒருவருடைய பதில் இன்னொருவருடைய பதிலைத் தொட்டுவிட்டால் எல்லாம் கெட்டது, ஒரு குடம் பாலுக்கு ஒரு சொட்டு மோர் போதும் என்கிற மாதிரி. இந்த முறையில் ஆள்தான் உண்டு, ஊர் என்று ஒன்று கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதில்தான் எனக்குப் பட்டம் என்று சொன்னேன்.

நீங்கள் எப்போதும் இப்படித்தான். பாதி கேட்பீர்கள், மீதியைச் சிரிப்பாக்கிவிடுவீர்கள். எனக்கு இருக்கிற மாதங்களில் ஒன்று போய்விட்டது.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

அருணா


நெல்லிமரத்தூர்
23 மார்ச் 2025

அன்பு மகள் அருணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நான் பாதிதான் கேட்பேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அந்தப் பாதியில் இது சேராமல் போகட்டும்.

முதலில், நான் செய்தது தப்பு. நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மாட்டுக்குப் பின்னால் இருந்த என்னை ஆட்டுக்கும் பின்னால் தள்ளிவிட்டாள். தப்பைத் திருத்தலாம் என்று மறுபடியும் வீடு வீடாகத் தனியாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அதே பதிலை, சின்னராசு அண்ணன் குரலிலேயே சொன்னார்கள். உறைந்த தயிரைப் பாலாக்க உன் பேராசிரியரிடம் வழி இருந்தால் சொல். என்னிடம் இல்லை.

இப்போது இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று வந்திருக்கிறது.

போன வாரம் அமீனுல்லா பாய் வழக்கம்போல் ஆலங்காயம் வழியாக வண்டியோடு வந்தார். வண்டி சத்தம் கேட்டால் மூட்டையோடு ஓடி வருகிற ஊர், ஒரு ஆள் வெளியே வரவில்லை. பாய் என் மில் வாசலில் வந்து உட்கார்ந்தார். “இன்னா ராஜாக்கண்ணு, இந்த வருசம் உங்க காட்ல கடுக்கா காய்க்கலியா, இல்ல நான் மவுத்தாயிட்டன்னு எவனாவது சொல்லிட்டானா?” என்றார். எனக்கும் புரியவில்லை. சின்னராசு அண்ணனிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார், ஊர்தான் நிறுத்திவிட்டதே என்று.

அவர்கள் அதை உன் படிப்புக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை, கண்ணு. ஊருக்கு வந்த விவகாரமாக எடுத்துக்கொண்டார்கள். நிறுத்த வேண்டுமா என்று நீ கேட்டாய், கூடிப் பேசினார்கள், ஆமா என்றார்கள், நிறுத்திவிட்டார்கள். லண்டன் பக்கம் படிக்கிற பெண் சும்மா கேட்காது, வேண்டாம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். அது பேச்சுக்குக் கேட்டது அண்ணா என்றேன். “அம்மன் முன்னாடி கூடிச் சொன்னது. மூட்டையத் தூக்கினு போயி வண்டில போட்டா நம்ம வார்த்தைக்கு இன்னா மரியாதை?” என்றார்.

நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும். ஊரைக் கேட்டவர் வந்து நின்று, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டால்தான் ஊரும் தன் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். தாளில் கேட்டவர் என்று உன் பெயர் இருக்கிறது. கடுக்காய் எல்லாம் வீட்டுக்குள் குவிந்து கிடக்கிறது. அந்தக் காசில்தான் மழைக்காலம் வரைக்கும் பாதி வீட்டில் அரிசி வாங்குவார்கள். கோடை மழை இறங்கினால் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அப்பா


30 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு கேள்வி கேட்டால் மனசில் இருக்கிறது வெளியே வரும், உலகம் அப்படியே இருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதே ஒரு ஊரின் வியாபாரத்தை நிறுத்தும் என்று எந்த வகுப்பிலும் இல்லை. பேராசிரியரிடம் சொன்னேன். சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். பழைய பேராசிரியைக்கு எழுதினேன். இதையே ஒரு அத்தியாயமாக எழுது, ஆனால் இப்போது அதை யார் மதிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டார். இரண்டு பேரும் சரி. எனக்குத்தான் நேரம் இல்லை.

ஊரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன் அப்பா. இங்கே கணினி வழியாக ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடுக்காயைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களிடம், செருப்பைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஒரு வாரம் கூட ஆகவில்லை. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். முடிவு சுத்தமாக வந்திருக்கிறது. பேராசிரியர் முதல் தடவையாக நல்லது என்றார். நம்மூர் ஒரு அடிக்குறிப்பில் இருக்கிறது: முன்னோட்ட முயற்சி கைவிடப்பட்டது.

ஊருக்கு ஒரு கடிதம் டைப் செய்து தனியாக அனுப்பியிருக்கிறேன். அது படிப்புக்காகக் கேட்ட கேள்விதான், நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறேன், மன்னியுங்கள் என்று. கூட்டத்தில் படித்துவிடுங்கள். போதும் என்று நினைக்கிறேன்.

அருணா


நெல்லிமரத்தூர்
27 ஏப்ரல் 2025

அன்பு மகள் அருணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு வராது. நானும் தேடிப் பார்த்தேன்.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். நல்ல தமிழ். முடிந்ததும், தாளைத் தாளால் திருப்ப முடியாது என்றார் சின்னராசு அண்ணன். நீ கேட்டதை அவர்கள் எழுந்து நின்று பேசினார்கள், நீயும் வந்து நின்று சொல் என்கிறார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். நீ எப்போது வருகிறாய் என்று கெங்கம்மாள் கேட்டாள். உனக்குப் பிடிக்குமே என்று தேன் எடுத்து வைத்திருக்கிறாளாம்.

அமீனுல்லா பாய் இரண்டாவது தடவை வந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, இந்த ஊரில் அவருக்கு இத்தனை வருஷப் பழக்கம், அவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு மலையில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் போனார். கோபால்சாமி வீட்டு மூட்டையில் பூசணம் ஆரம்பித்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. மில்லுக்கு வருகிறார்கள், அரைத்துக்கொண்டு போகிறார்கள், பேச்சு மட்டும் இல்லை. இப்போது மில்லை ஓடவிட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

அமெரிக்கர்களிடம் ஒரு வாரத்தில் கேட்டு முடித்தாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். அவர்கள் யாரும் உன்னை வந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் கண்ணு, ஒரு ஊர் நம்பி எழுந்து நின்றதை அடிக்குறிப்பு என்று சொல்லிவிட்டால் மனசு ஆறவில்லை. உன் படிப்பில் என்ன காற்று அடித்தாலும் அடிக்கட்டும். இரண்டு நாள் வந்து, கோயில் முன்னால் நின்று, நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. டிக்கெட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா


11 மே 2025

அப்பா,

டிக்கெட் காரணம் இல்லை. நேரமும் காரணம் இல்லை, அப்படி எழுதலாம் என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

நான் வந்து நின்றால், சும்மாதான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். சின்னராசு பெரியப்பா, அப்ப எதுக்கும்மா கேட்ட என்பார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, நீங்கள் வேறு வேறாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் கேட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? மூன்று வருஷமாக ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து உண்மையாகக் கேட்டேன். அதற்கு இங்கே மதிப்பில்லை. ஒரு நாள் பொய்யாகக் கேட்டேன். அதை அவர்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்னால் வர முடியாது அப்பா. செப்டம்பரில் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகும் வருவேனா என்று தெரியவில்லை.

கெங்கம்மா அத்தையிடம் தேனை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அருணா


நெல்லிமரத்தூர்
8 ஜூன் 2025

அன்பு மகள் அருணாவுக்கு,

அம்மா, மாடு, மில், நான், எல்லோரும் சௌக்கியம். மழை வந்துவிட்டது. விவகாரமும் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், படித்துவிட்டுக் கோபப்படாதே. கோபப்பட்டாலும் செய்தது செய்ததுதான்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே வைத்துக்கொண்டு சில நாள் யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, சோறு இறங்கவில்லை. பிறகு போன ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டச் சொன்னேன். கோயில் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணா, கேட்டது நான்தான்” என்றேன்.

“தாள்ல உன் பொண்ணு பேரு இருக்குது.”

“போட்டது நான். அவ பேர்ல கேட்டா நீங்க மதிச்சு பதில் சொல்லுவீங்கன்னு போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அன்னிக்கு ஒரு கடிதாசு படிச்சியே?”

“அதுவும் நான் எழுதுனதுதான்.”

சின்னராசு அண்ணன், “உன் தமிழ் அவ்ளோ நல்லா இருக்காதே” என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று. அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் கோயில் பெட்டியைத் திறந்து தாள் கட்டை எடுத்து, ஒரு பேனாவோடு என் கையில் கொடுத்தார்.

மஞ்சளிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு தாளாக உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அருணா என்பது சின்னப் பெயர், அடிக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அத்தனை சுலபமாக இல்லை. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க அம்மாவும் நானும் எத்தனை சண்டை போட்டோம் என்பது ஒவ்வொரு தாளுக்கும் ஞாபகம் வந்தது. ஊர் முழுக்க உட்கார்ந்து நான் எழுதி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மன் பக்கம் திரும்பிச் சொன்னேன். ஊரும் தன் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அம்மன் முன்னால் சொன்ன பொய்க்கு நான் அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். நீ அதில் தலையிடாதே.

பெற்ற பெண் பெயரைப் போட்டு ஊரை ஏமாற்றியதற்குத் தண்டனை உண்டல்லவா? அடுத்த வருஷம் ஆடித் திருவிழா வரைக்கும் ஊர்க் கூட்டத்தில் எனக்குப் பேச்சு இல்லை. வந்து உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன், கூட்டத்தில் எனக்கு வாய் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது என்று. “வூட்ல மட்டும் இருந்துதா?” என்றாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் முதலில் சோறு போட்டாள். வரிசையில் எனக்கு இது பெரிய ஏற்றம்.

கடுக்காயில் பாதி போய்விட்டது. மீதியை வாங்கிக்கொள்ளச் சொல்லி நானே வாணியம்பாடி போய் அமீனுல்லா பாயிடம் நின்றேன். கொஞ்ச நேரம் திட்டினார், பிறகு மகன் தானிஷை வண்டியோடு அனுப்பி வைத்தார். பழைய விலை கிடைக்கவில்லை. இந்த வருஷம் ஊர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். மில்லில் இந்த மழைக்காலம் முழுக்க யாரிடமும் அரவைக் கூலி வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாக நினைக்காதே, பேச்சு இல்லாதவனுக்கு வேறு என்ன வேலை?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு கெங்கம்மாள் என் பின்னாலேயே மில் வரைக்கும் வந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமா, தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அப்ப அருணா நம்மள ஒண்ணும் கேக்கவே இல்லியா?” என்றாள்.

“இல்லம்மா. அவ ஒண்ணும் கேக்கல.”

அவள் மில் வாசலில் கிடந்த உமியைக் காலால் ஒதுக்கினாள். “கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இனிமேல் ஊர் உன்னிடம் பதில் எதிர்பார்க்காது, கண்ணு. நிம்மதியாக எழுதி முடி.

அப்பா